ராகுகாலத்தில் கோட்டைச்சாமி

தாம்பரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் எத்தனையோ பிடிவாதக்காரர்களைப் பார்த்துவிட்டேன். எங்கள் பங்காளி ஒருவர் வேலியில் நின்ற முருங்கை மரத்துக்காகச் சாகிறவரை தம்பியோடு பேசவில்லை. ஆனால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற பூதத்தையே "ஆறு மணி ஆவட்டும்" என்று காக்க வைத்த ஆள் பஞ்சர் ஒருத்தர்தான்.

பஞ்சர் என்றால் சேலையூர் கேம்ப் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். பெயர் ஏதாவது இருக்கும், நான் கேட்டதில்லை. அவரும் என்னை "ஓனரே" என்பதோடு சரி. எதற்கு ஓனர்? எங்கள் அப்பா வேர்க்கடலை போட்ட நிலத்தில்தான் இப்போது என் வீடு நிற்கிறது. அந்தக் கடலையின் ருசியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போய்விடும். விடுங்கள். மாடியை, கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற தினேஷுக்கு வாடகைக்கு விட்டேன். வினை அங்கே ஆரம்பித்தது.

ஞாயிறு மதியம் ஆனால் மாடியில் ஒரே கூச்சல். சண்டை பிடிக்கலாம் என்று ஏறிப் போனேன். தினேஷும் அவனோடு வேலை பார்க்கிற ப்ரீத்தியும் மேசையில் ஒரு வரைபடத்தை விரித்துக்கொண்டு கதை விளையாட்டு விளையாடினார்கள். தினேஷ் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேஷம். "நான் கதவை உடைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இருபது முகம் உள்ள பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் கதவு உடையும். சின்ன எண் விழுந்தால் நம் எலும்பு உடையும். செத்தால் செத்ததுதான், அந்த வேஷம் திரும்பி வராது. எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் எண் தெரியுமே என்று என்னையும் உட்கார வைத்துவிட்டார்கள். மாரி என்று ஒரு வீரன் எனக்கு.

அடுத்த வாரமே பஞ்சர் வந்தார். தினேஷின் வண்டிக்குப் பஞ்சர் ஒட்டிவிட்டுச் சாவி கொடுக்க வந்தவர், பகடையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இன்னாப்பா இது, கல்கண்டு மாறி கீது?"

உட்கார்ந்தார். அவ்வளவுதான். கோடாலி தூக்கிய கோட்டைச்சாமி அன்றைக்குப் பிறந்தான். பன்னிரண்டு வருஷம் ஆனது. ப்ரீத்தி இதற்குள் மந்திரக்காரி, திருடி, ராணி என்று சட்டை மாற்றுகிற மாதிரி வேஷம் மாற்றிவிட்டாள். பஞ்சர் மாற்றவே இல்லை.

கதையில் ஒருமுறை கோட்டைச்சாமிக்கு முழங்காலில் அம்பு பாய்ந்தது. பஞ்சர் அந்த வாரம் முழுக்கக் கடையில் நொண்டினார். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு அம்மா, "என்னண்ணா ஆச்சு?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லக்கா, காட்டுல ஒரு அம்பு" என்றிருக்கிறார். அந்த அம்மா காற்றுப் போன வண்டியோடு அடுத்த கடைக்கே போய்விட்டது.

புரட்டாசி மாதம் ராட்சசர்களின் அரண்மனையில் விருந்து. தினேஷ் ஆசையாகக் காட்டுப்பன்றி வறுவல் பரிமாறினான். "கோட்டைச்சாமி கவுச்சி தொடமாட்டான்" என்றார் பஞ்சர். வேறு வழியில்லாமல் ராட்சசி சாம்பார் சாதம் கிளறினாள்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ராகுகாலத்தை எப்படிப் பொறுப்பது? ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு வரை ராகுகாலம். மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கி, நாலரைக்குத்தான் சரியாக ஒரு குகை வாசலுக்குப் போய்ச் சேருவோம். உடனே பஞ்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். கோட்டைச்சாமி கோடாலியைக் கீழே வைத்துவிடுவான்.

"அண்ணா, அந்த உலகத்துல ராகுகாலமே கிடையாதுண்ணா!" என்று தினேஷ் அழாத குறையாகச் சொல்வான்.

"அங்க சூரியன் கீதா, இல்லியா?"

"இருக்கு."

"சூரியன் கீதுன்னா ராகுவும் கீது. பஜ்ஜி வாங்கினு வா."

படித்த பையன், எழுந்து பஜ்ஜி வாங்கப் போவான். ஒன்றரை மணி நேரம் நாங்கள் பஜ்ஜி தின்போம். உள்ளே பூதம் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும்.

இதைவிட அநியாயம் ஒன்று உண்டு. ஆறு மணிக்கு எல்லோரும் உள்ளே போகும்போது பஞ்சர் என் பக்கம் திரும்புவார்.

"ஓனரே, நீ குதிரைய புடிச்சிகினு வெளிய நில்லு."

கேட்டீர்களா? என் வீட்டு மாடி. என் ஃபேன். என் நாற்காலி. பன்னிரண்டு வருஷமாக நான் குதிரை பிடிக்கிறேன்! "ஏய்யா, எனக்கும் கத்தி குடுத்திருக்காங்கய்யா, அத வச்சி நான் இன்னா வெங்காயமா நறுக்கறது?" என்று கத்துவேன். "உள்ள ஆபத்து கீது ஓனரே" என்பார். ஆபத்து இருக்கிறது என்றுதானே கத்தி கொடுத்தது?

ஒரு ஞாயிறு பொங்கிவிட்டேன். குகைக்குள் தீ கக்குகிற பூதம். நாலரை ஆனது. பஜ்ஜி வந்தது. பஞ்சர் பாட்டுக்குச் சட்னி தொட்டுத் தின்கிறார். ஐந்து மணிக்கு எழுந்து நின்றேன்.

"மாரி உள்ள போறான்!"

"உக்காரு ஓனரே. மணி ஆறு ஆவட்டும்."

"உன் ராகுவ நீயே வச்சிக்க. நான் போறேன்!"

உருட்டினேன். இரண்டு விழுந்தது. பூதம் மாரியைக் கழுத்தோடு தூக்கிவிட்டது. அடுத்த அடியில் மாரி காலி என்றான் தினேஷ். ப்ரீத்தியின் மந்திரம் அவ்வளவு தூரம் எட்டாது.

பஞ்சர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தேகால்கூட ஆகவில்லை. பாதி பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். கையை லுங்கியில் துடைத்தார்.

"கோட்டைச்சாமி உள்ள போறான்."

"அண்ணா, ராகுகாலம்ணா..."

"மணி பாக்கத் தெரியும்டா எனக்கு."

கோட்டைச்சாமி பூதத்தின் காலைக் கட்டிக்கொண்டான். மாரி கீழே விழுந்து வெளியே ஓடிவிட்டான். இனி கோட்டைச்சாமி தப்பிக்க வேண்டும். பஞ்சர் பகடையை இரண்டு கையிலும் வைத்துக் கும்பிட்டு உருட்டினார்.

ஒன்று.

தினேஷுக்கே பொறுக்கவில்லை. "அண்ணா, கை தவறிடுச்சு. இன்னொரு வாட்டி உருட்டுங்கண்ணா" என்றான்.

"வாணாம்" என்றார் பஞ்சர். "ராகுகாலத்துல உள்ள போனா இன்னா ஆவும்னு பன்னெண்டு வருசமா சொல்லிகினு கீறேன். இப்பயாச்சும் நம்புறியா?"

எனக்கு வந்த கோபம்! "உன்ன யாருய்யா வரச் சொன்னது? நான் செத்தா உனக்கு இன்னா?" என்று கத்தினேன்.

"நீ பூட்டீன்னா குதிரைய யாரு பாத்துக்கறது ஓனரே?" என்றார். மீதி பஜ்ஜியைத் தொடாமல் இறங்கிப் போனார்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. கேட்டவர்களிடம் "வூட்ல ஒரு சாவு" என்றாராம். அவர் வீட்டுக்காரம்மா என்னிடம் வந்து சண்டை போட்டது தனிக் கதை.

அடுத்த ஞாயிறு வந்துவிட்டார். புது வேஷம். இருபது வயசுப் பையன், சாமி பூதம் எதையும் நம்பாதவன். நாலரை ஆனதும் ஒரு பாழடைந்த கோட்டை வாசலில் நின்று, "உள்ள போறான்" என்கிறார்!

"யோவ், மணியப் பாருய்யா!"

"அது கோட்டைச்சாமிக்கு, ஓனரே. இவனுக்கு ராகுவாவது கேதுவாவது."

என்ன திமிர் பாருங்கள். பன்னிரண்டு வருஷம் எங்களைப் பட்டினி போட்டுவிட்டு - சரி, பஜ்ஜி போட்டுவிட்டு - இப்போது இப்படி.

அந்தப் பையன் குதிரையோடுதான் உள்ளே பாய வேண்டுமாம். நான் கடிவாளத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். யார் பிடி ஜெயிக்கிறது என்று உருட்டிப் பார்க்கச் சொன்னான் தினேஷ். முடியாது என்றேன். ப்ரீத்தி சிரித்தாள். பஞ்சர் முறைத்தார்.

"வுடு ஓனரே."

"ஆறு மணி ஆவட்டும்" என்றேன்.

இந்த ஞாயிறும் அப்படித்தான். இனி எந்த ஞாயிறும் அப்படித்தான்.