பசுமலை போகும் வழியில் போட்ட முடிச்சு

பசுமலை,
மதுரை.

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய அப்பாவுக்கு,

உங்கள் ஒரே மகள் சுபலட்சுமி வணங்கி எழுதுவது. நான் இங்கே நல்ல சுகம். சுகமில்லை என்று யாராவது வந்து சொன்னால் நம்ப வேண்டாம். அம்மாவின் முழங்கால் வலி, கடையில் யூரியா வரத்து, செவலைப் பசு ஈன்ற கன்று எல்லாம் எப்படி என்று அறிய ஆவல். இந்தக் காலத்தில் எதற்குக் கடுதாசி என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள், உரம் வாங்க வந்த சாயல்குடிக்காரர் அத்தனை பேரும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். போன வாரம் எனக்குச் சளி என்றதற்கு, பூச்சிமருந்து வாங்க வந்தவர் ஒருவர் கஷாயப் பக்குவம் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.

பஸ் ஏற்றிவிட்டபோது நீங்கள் போட்ட நிபந்தனை அப்படியே நினைவிருக்கிறது. "கூடப் பொறந்த அண்ணன் தம்பி ஒருத்தன் இருந்தா தைரியமா அனுப்புவேன். ஆம்பளத் துணை இல்லாத புள்ள. ஹாஸ்டல் விட்டா கம்பெனி, கம்பெனி விட்டா ஹாஸ்டல். ஏதாச்சும் வில்லங்கம்னு காதுல விழுந்துச்சு, அடுத்த பஸ்ஸுல ஊரு வந்து சேந்துரணும்" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். இந்த இன்டர்ன்ஷிப்பை முழுசாக முடித்தால்தான் சர்டிபிகேட், சர்டிபிகேட் இருந்தால்தான் வெளியூரில் வேலை கேட்க முடியும் என்பதால், நீங்கள் என்ன சொல்லியிருந்தாலும் தலையாட்டித்தான் இருப்பேன். ஆகையால் கீழே நான் எழுதப்போவது வில்லங்கம் இல்லை, ஒரு சின்ன சுபகாரியம். நம் தெருவில் யாராவது வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாண வீடியோவைக் காட்டி "இது நம்ம சுபா இல்ல?" என்று கேட்பதற்குள் நானே சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். பதறாதீங்க, கல்யாணம் எனக்கு இல்லை.

கப்பலூர் கம்பெனியில் ரப்பர் வாஷர் செய்கிறார்கள். அது ஒழுங்கான வட்டமாக இருக்கிறதா என்று அளந்து பார்ப்பது என் வேலை. வாரம் முழுக்க வட்டத்தையே பார்த்துக் கண் சோர்ந்துபோய், மதுரைக்கு வந்துவிட்டு மதுரையைப் பார்க்காமல் போவதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பெரியார் பஸ் ஸ்டாண்டில் போய் இறங்கினேன். அப்பா, இந்த ஊரைச் சதுரத்துக்குள் சதுரமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு பெயர், நாலு பக்கத்துக்கும் அதே பெயர்தான், திசை மட்டும் வேறே. மேலமாசி வீதியில் நுழைந்தேன், வடக்குமாசி வந்தது, கீழமாசி வந்தது, தெற்குமாசி வந்தது, பரவாயில்லை, பெரிய ஊரைத் தனியாகவே பார்த்து முடித்துவிட்டோம் என்று பெருமையோடு திரும்பினால் மறுபடியும் மேலமாசி. மேப்பைப் பார்த்தால் அது நேராகப் போ என்கிறது, நானும் நேராகத்தான் போகிறேன், போய் அதே பாத்திரக் கடை வாசலில் நிற்கிறேன். கடைக்கார அழகம்மாள் அக்கா எட்டிப் பார்த்து, "என்னம்மா, வேண்டுதலா? சுத்துறதுன்னா கோயிலுக்குள்ள ஆடி வீதியில சுத்து, புண்ணியமாச்சும் கெடைக்கும்" என்றார்.

"ஹாஸ்டலுக்கு, பசுமலைக்குப் போகணும்க்கா" என்றேன். இந்த ஊரில் வழி கேட்டால் சொல்ல மாட்டார்கள், கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். "பழங்காநத்தம் மண்டபத்துக்கு வெளக்குக் குடுக்கப் போறேன், ஏறு. அங்கன நின்னா பசுமலை பஸ்ஸு வரும்" என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார். சீர் பாத்திரமெல்லாம் முந்தின நாளே போய்விட்டதாம், நாத்தனார் விளக்கை மட்டும் மறந்துவிட்டார்களாம். தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் அக்காளோ தங்கையோ பின்னால் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாளே, அந்த விளக்கு. உருண்டுவிடாமல் அதை என் மடியில் வைத்தார். மண்டப வாசலில் ஆட்டோவை நிறுத்த இடமில்லாமல் பின்னால் வந்தவர்களோடு அவருக்கு வாய்த்தகராறு வந்துவிட்டது. "நீயே உள்ள குடுத்துட்டு வந்துரு தாயி" என்றார். கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன் அப்பா, சத்தியமாக.

கையில் விளக்கோடு ஒரு பெண் மண்டபத்துக்குள் வந்தால் சனங்கள் என்ன நினைக்கும்? பெண் வீட்டார் மாப்பிள்ளையின் தங்கை என்று வழி விட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் அனுப்பிய ஆள் என்று முன்னால் தள்ளினார்கள். நான் இல்லைங்க, இல்லைங்க என்று சொல்லிக்கொண்டே நடக்க, ஒரு அம்மா தலையில் பூ வைத்தார், இன்னொருவர் நெற்றியில் குங்குமம் வைத்தார், கண்ணை மூடித் திறந்தால் மேடையில் நிற்கிறேன். மாப்பிள்ளை அழகுபாண்டிக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. நாத்தனார் முறை செய்ய வேண்டிய சித்தப்பா மகள் வந்த வேன் வழியில் பஞ்சர். முகூர்த்த நேரம் ஓடுகிறது, மேளம் கொட்ட ஆரம்பித்துவிட்டது, முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டுவிட்டார், மிச்ச முடிச்சு நாத்தனாருடையது. "நாத்தனா எங்கப்பா, நாத்தனா எங்க" என்று ஒரு பெரியவர் சத்தம் போட, எல்லார் கண்ணும் விளக்கைத் தேடியது. விளக்கு என் கையில்.

"யாரு தாயி நீ?"

"நான் பசுமலை போகணுங்க."

"போகலாம், போகலாம். மொதல்ல முடிச்சப் போடு."

எனக்குத் தெரிந்தது ஒரே முடிச்சு, நம் கடையில் நீங்கள் சொல்லிக்கொடுத்த யூரியா மூட்டை முடிச்சு. கை தானாக அதைப் போட்டுவிட்டது. பெரியவர் இழுத்துப் பார்த்து, "இம்புட்டு வலுவா முடிச்சுப் போட்ட நாத்தனாவ நான் பாத்ததே இல்ல" என்று சபைக்குக் கேட்கச் சொன்னார். மணப்பெண் ஜெயக்கொடி மட்டும் தலையைக் குனிந்தபடி, "இனி அவரே நெனச்சாலும் அவுக்க முடியாது மதினி" என்று மெதுவாகச் சொல்லிச் சிரித்தாள்.

உண்மையான நாத்தனார் வந்து சேர்ந்தபோது நான் பந்தியில் பாயசத்துக்கு வந்திருந்தேன். அவர் பார்த்த பார்வையில் பாயசத்தை அப்படியே இலையில் விட்டுவிட்டேன். நாத்தனாருக்கென்று என் கையில் திணித்திருந்த பட்டுச்சேலையை அங்கேயே எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டேன். உறவைத்தான் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அழகுபாண்டிக்குப் பரவை மார்க்கெட்டில் காய்கறி மண்டி. மாலையும் கழுத்துமாக வந்து என் இலைக்கு எதிரே நின்று, "எனக்குக் கூடப் பொறந்தது யாருமில்ல தாயி. கூப்பிடாமலே வெளக்கோட வந்து நின்ன. இனிமே நாந்தான் உனக்கு அண்ணே" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அண்ணன் தம்பி இல்லாத புள்ள என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம், ஏதோ நான்தான் தப்புச் செய்தது போல இருக்கும் அப்பா. அன்றைக்கு அது கொஞ்சம் ஆறியது.

நடந்தது இவ்வளவுதான். அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமையும் தனியாகவே போனேன். நாலு மாசி வீதியும் இப்போது எனக்கு அத்துப்படி. அழகம்மாள் அக்கா கடை வாசலில் நின்று வழி தெரியாமல் முழிக்கிறவர்களுக்கு நானே வழி சொல்கிறேன், முடிந்தால் கொண்டுபோயும் விடுகிறேன். அழகுபாண்டி அண்ணன் புது மாப்பிள்ளை, விருந்துக்குப் போகவே நேரம் இருக்காது, இந்நேரம் என்னை மறந்தே போயிருப்பார். யாரும் நம்மைத் தேடி வரப்போவதில்லை. ஆகவே தயவுசெய்து மிச்ச நாளையும் இங்கேயே இருந்து முடித்து வர உத்தரவு கொடுங்கள். தனியாகப் போய்வர எனக்குத் தெரியும்.

அம்மாவின் முழங்காலுக்கு என் அன்பும், கன்றுக்குட்டிக்கு ஒரு முத்தமும், இதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் எல்லாருக்கும் என் வணக்கமும்.

இப்படிக்கு,
வழி தெரிந்த தங்கள் மகள்,
சுபலட்சுமி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது வார்டன் கூப்பிடுகிறார், போய்ப் பார்த்தால் ஹாஸ்டல் வாசலில் அழகுபாண்டி அண்ணன். மறக்கவில்லையாம், மேடையில் நான் பசுமலை என்று சொன்னதை வைத்தே விசாரித்து வந்துவிட்டார். நான் மாசி வீதியில் தனியாகத் திரிவதை யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்களாம். "ஆம்பளத் துணை இல்லாம இம்புட்டுப் பெரிய ஊருல ஒத்தையில திரியலாமா? அப்பாகிட்டப் பேசி உன்ன ஊருக்கே கூப்புட்டுக்கிறச் சொல்லப் போறேன். கடுதாசியக் குடு, நானே கொண்டு போறேன்" என்கிறார். ஆகவே இதை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, இப்போது எதிரே தக்காளிக் கூடையோடு நிற்கிறாரே, அவர்தான் அண்ணன். அண்ணன் கிடைத்தார் என்று நினைத்தேன், பார்த்தால் இன்னொரு அப்பா கிடைத்திருக்கிறார். நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார், நீங்கள் சொன்னால்தான் கேட்பாராம். காப்பி கொடுத்து உட்கார வைத்து, "எம் மக ஒத்தையிலயே போவா, வருவா, நீங்க கவலப்படாதீக" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் அப்பா. சொல்லும்போது எனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் போடுங்கள். கடையில் இருக்கிற எல்லாரும் கேட்கட்டும்.