ஆற்றைக் கணக்கிட்ட முயல்கள்

ஒரு காட்டில், ஆறு எப்போது கரையை உடைக்கும் என்று முன்கூட்டியே சொல்ல மென்பொருள் எழுதியது நவமணி என்ற கீரி. ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு கம்ப்யூட்டர். எல்லாம் ஒரே நேரத்தில் கணக்குப் போட்டு, ஒவ்வொன்றும் தன் துண்டின் நீர்மட்டத்தைப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும்.

நவமணியிடம் இருந்ததோ ஒரே ஒரு பழைய லேப்டாப். அதில் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின, தவறே தெரியவில்லை. காட்டுக்குப் பொதுவான கம்ப்யூட்டர் கூட்டம் ஒரு குகையில் இருந்தது. அதற்கு அதிகாரி தாண்டவமூர்த்தி என்ற யானை.

"ஐயா, மழை வலுக்குது. ஒரு தடவை ஓட்டிப் பாத்துக்கறேன்."

"டெஸ்ட் பண்ணின மென்பொருளைத்தாம்மா உள்ளே விடுவோம்."

"டெஸ்ட் பண்ணத்தான் ஐயா கேக்கறேன்."

"பண்ணிட்டு வா, தர்றேன்."

குகைக்குள் அத்தனை கம்ப்யூட்டர்களும் சிங்கத்தின் மகள் கல்யாண வீடியோவில் பூ தூவிக்கொண்டிருந்தன.

நவமணி முயல்களைக் கூப்பிட்டு ஆற்றங்கரை நெடுக உட்கார வைத்தது. "இப்ப நீங்கதான் கம்ப்யூட்டர். கணக்கைப் போட்டுப் பக்கத்துல சொல்லுங்க."

காதுகள் விறைத்து நின்றன. யாரும் வாய் திறக்கவில்லை.

"ஏன் சும்மா இருக்கீங்க?"

"பக்கத்துல இருக்கறவன் சொன்னாத்தானே நான் சொல்லலாம்?" என்றது சடையன் என்ற முயல்.

"நான் இவனுக்காகத்தான் காத்துட்டிருக்கேன்!" என்றது அடுத்தது.

நவமணிக்குத் தவறு புரிந்தது. குகையில் ஓட்டியிருந்தால் கம்ப்யூட்டர்கள் இப்படியே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, வெள்ளம் வந்து போகும்வரை நின்றிருக்கும். ஒருவர் பேச, அடுத்தவர் கேட்க, பிறகு மாறிக்கொள்ள என்று விதியைத் திருத்தியது. எண்கள் கரையோடு ஓடத் தொடங்கின.

திடீரென, ஆறு வரும் மேற்குப் பக்கத்திலிருந்து மிகப் பெரிய எண் ஒன்று வந்தது.

"சடையா, கணக்கைச் சரியாப் போடு!"

"கணக்கு இல்லக்கா, தண்ணி! கண்ணால பாத்துச் சொல்றாங்க!"

அந்தச் செய்தி முயலுக்கு முயல் தாவியது. மான்களும் பன்றிகளும் குட்டிகளோடு மேடேறின. வெள்ளம் வந்தபோது கரையில் ஓர் உயிர்கூட இல்லை.

தண்ணீர் வடிந்ததும் யானை மாலையோடு வந்தது. "பிரமாதம்மா! ஒரு குட்டிகூடப் போகல."

"டெஸ்ட் ஆயிடுச்சு ஐயா. இனிமே கம்ப்யூட்டர் தருவீங்களா?"

யானை குழம்பிப்போய்ப் பார்த்தது. "எதுக்கும்மா? அது இல்லாமலேதான் நல்லா நடக்குதே!"

நீதி: கேட்டது கைக்கு வரும்வரை, எடுத்த காரியத்தில் ஜெயித்துத் தொலைக்காதே.