தலையில் இடியப்பத் தட்டு

உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் வெற்றிக் கோலைப் போட்டது முத்துலிங்கம்தான். அதுவும் சின்ன வயதில், மஹய்யாவ வீட்டுத் தகரக் கூரையில், தலையில் இடியப்பத் தட்டோடு நின்றபடி.

கண்டி மார்க்கெட்டில் அவரிடம் வெங்காயம் வாங்கிய எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். வாங்காதவர்களுக்கும் தெரியும். மிச்சமிருந்தது ஹேவாஹெட்டவிலிருந்து வந்த புது மருமகள் லோஜினி மட்டுமே. அவளும் இன்று அகப்பட்டாள்.

"எங்கப்பா டிவி வாங்கின வருசம்மா. பைனல் அன்னைக்கு வீட்டுல பெரஹரா ஊர்வலம் பாக்க வந்த மாதிரி கூட்டம். அலுமாரி மேலயே நாலு பேரு! ஆட்டம் சூடு பிடிக்கிற நேரம் படம் போச்சு. நான் கூரையில ஏறி, ஆன்டெனா பக்கத்துல தட்டைத் தலையில வச்சு நின்னேன். படம் கண்ணாடி மாதிரி வந்துச்சு. ஒரு தும்மல் தும்மினேன் பாரு, அந்த அதிர்ச்சியில கோல்கீப்பர் தப்பான பக்கம் பாஞ்சுட்டான். கோல்!"

"பொய்," என்றார் முத்துலிங்கத்தின் அக்கா ஞானேஸ்வரி. ஆட்டம் பார்ப்பதற்கென்றே கெலிஓயாவிலிருந்து வந்து, டிவியை ஒட்டிய கதிரையில் இடம் பிடித்திருந்தார். "அப்படி ஒண்ணுமே நடக்கல. நானும் அந்த வீட்டுலதான் இருந்தேன்."

நாற்பது வருடமாக அக்கா இதையேதான் சொல்கிறார். ஊர் நம்பாவிட்டால் போகட்டும். கண்ணால் பார்த்த அக்கா ஒரே ஒரு தடவை 'நடந்தது' என்று சொல்லிவிட்டால் போதும், முத்துலிங்கம் நிம்மதியாகக் கண்ணை மூடிவிடுவார்.

இந்த வருட இறுதி ஆட்டம் தொடங்கியது. கூடவே முத்துலிங்கமும் தொடங்கினார். டிவிக்கு முன்னால் நின்று மருமகளுக்கு ஓஃப்சைட் விளக்கினார். மூன்று பாக்கு ஓர் அணி. அக்காவின் செருப்பு எதிரணி.

"மறைக்காதீங்கப்பா!" என்றான் மகன் சதீஸ்.

"இருடா. இந்தச் செருப்பு இப்ப பாக்குக்கு முன்னாடி நிக்குதுல்ல..."

படம் போனது. நீலத் திரையில் 'சிக்னல் இல்லை' என்ற அறிவிப்பு மட்டும் நின்றது.

"இதெல்லாம் என்கிட்ட விட்டுருங்க," என்று ரிமோட்டைப் பிடுங்கி அமுக்கினார் முத்துலிங்கம். அறிவிப்பு அரபு மொழிக்கு மாறியது. திருப்பி அமுக்கினார். சீன மொழிக்குப் போய் அங்கேயே குடியிருந்துவிட்டது. கோபத்தில் டிவியின் மண்டையில் ஒன்று போட்டார். ஒரு கால் கழன்று டிவி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"வயருதான் லூசாயிருக்கும். அக்கா, கொஞ்சம் எழும்பு, பின்னால பாக்கணும்."

"முழங்கால் வலிடா, எழும்ப ஏலாது. நீதான் பெரிய ஆன்டெனா ஆச்சே! ஏறு கூரையில. தட்டோட நின்னு படம் வந்துச்சுன்னா, அன்னைக்கும் நடந்துச்சுன்னு என் வாயால சொல்றேன்."

"மருமக முன்னாடி சொல்லணும்!"

"சொல்றேன். டிஷ்ல மட்டும் கை வச்சிராத."

அடுப்படியில் கைக்குக் கிடைத்த இடியப்பத் தட்டோடு முத்துலிங்கம் குளியலறைக் கூரையில் ஏறினார். ஏணியைப் பிடித்த சதீஸ், அப்பா ஏறி முடித்ததும் உள்ளே ஓடினான். முத்துலிங்கம் டிஷ்ஷுக்குப் பக்கத்தில் நின்று, தட்டைத் தலையில் வைத்தார்.

"வருதா?"

"வருது மாமா!" உள்ளேயிருந்து லோஜினி கத்தினாள். "கண்ணாடி மாதிரி வருது! அசையாதீங்க!"

முத்துலிங்கம் கோபுரக் கலசம்போல நின்றார். தூறல் விழுந்தது, அசையவில்லை. மாமரத்துக் குரங்கு ஒன்று இறங்கி வந்தது. அப்போதுதான் தட்டில் ஓர் இடியப்பம் மிச்சமிருப்பது அவருக்கு நினைவு வந்தது. குரங்கு அவர் தோளில் கை ஊன்றி, இடியப்பத்தை நிதானமாகப் பிய்த்துச் சாப்பிட்டது. அதன் வால் மூக்கில் உரசியது. கட்டுகஸ்தோட்ட வரைக்கும் கேட்கும்படி ஒரு தும்மல் போட்டார்.

"கோல்!" வீடே அலறியது. குரங்கு மரத்துக்குத் தாவியது.

"யாரும்மா போட்டது?"

"நீங்கதான் மாமா!"

முத்துலிங்கத்தின் நெஞ்சு இரண்டு மடங்கானது. "அக்கா! இப்ப சொல்லு! அன்னைக்கு நடந்துச்சா, இல்லையா?"

"நடந்துச்சுடா தம்பி, நடந்துச்சு! அப்படியே நில்லு!"

சாய்ந்த டிவிக்கு ஏற்றபடி எல்லோரும் தலையைச் சாய்த்து, சத்தமில்லாத வீட்டில் ஆட்டம் பார்த்தார்கள்.

"நெசமாவே நடந்துச்சா அத்தை?" என்று மெதுவாகக் கேட்டாள் லோஜினி.

"சத்தியமா நடந்துச்சுடி," என்றார் ஞானேஸ்வரி, கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல். "அன்னைக்கும் இவன் கூரையில ஏறின பிறகுதான் நான் வயரைத் திருப்பிச் சொருகினேன்."