திரும்பும் கதவு

கதவநாடு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்பதற்கான கதவு அங்கே வைக்கப்படவில்லை.

அரசரைத் தேர்தலில் தேர்ந்தெடுப்பார்கள். அதற்கும் மற்றக் காரியங்களுக்கும் தலைநகரின் நெடுஞ்சுவரில் கதவுகள் இருந்தன. மாடு விற்க ஒன்று, மணம் முடிக்க ஒன்று. நுழைந்தால் வேலை முடிந்தது. எந்த அதிகாரியின் முகத்திலும் விழிக்க வேண்டாம். மக்களுக்கு உண்மையிலேயே பிடித்துப்போயிற்று. ஒரே நாட்டுக்குப் பல நிறம் எதற்கு என்று வாயில்துறை அமைச்சர் கேட்டதால், எல்லாக் கதவும் ஒரே நிறம், ஒரே கைப்பிடி. எல்லாம் ஒரு பக்கமாகவே திறந்தன.

கூத்தனின் மனைவி செண்பகவல்லி, ஒரே மகள் ஆதிரையின் பெயரைக் குடும்பத்தில் சேர்க்கப் போனாள். 'குடும்பம் சேர' என்ற கதவுக்கு அடுத்தது 'குடும்பம் நீங்க' என்ற கதவு. கூட்டம் நெருக்கியது. எதையோ தள்ளி நுழைந்தாள், கதவு பின்னால் சாத்திக்கொண்டது. அவள் போய் நின்ற இடம் தனியர் தெரு.

அங்கே ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு அடுப்பு. இரண்டு பேர் பேசிக்கொண்டால் அது குடும்பத்தின் தொடக்கம். குடும்பத்துக்கு வேறு கதவு என்பது சட்டம். காவலனிடம் மட்டும் பேசலாம்.

"ஐயா, தெரியாம நுழைஞ்சுட்டேன். எம் புள்ள வெளியில நிக்குது."

"தெரியாம நுழைஞ்சவங்களுக்குன்னு கதவு எதுவும் இல்லம்மா," என்றான் காவலன். கெட்டவன் இல்லை, பாவம்.

அன்று ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியாமல் அவள் உலைமுன் உட்கார்ந்து அழுதாள்.

கூத்தன் அரசரிடம் மனுக் கொடுத்தான். அரசர் உருகிவிட்டார். அமைச்சர் அப்போதுதான் வெளிநாட்டுக் கதவுகளைப் பார்வையிட்டுத் திரும்பியிருந்தார்.

"மன்னா, மனிதன் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் வழி தவறுகிறான். ஒவ்வொரு தவறுக்கும் பழகித் தேர்ந்த தீர்வு ஒன்றை அங்கே வைத்திருக்கிறார்கள். அத்தனையையும் அள்ளி வந்திருக்கிறேன்."

"அத்தனையையும் பொருத்துங்கள்!"

முதலில், ஒவ்வொரு கதவிலும் ஒரு காவலன் "நிச்சயமா?" என்று கேட்டான். மாட்டை விற்கவும் நிச்சயமா, மருந்து வாங்கவும் நிச்சயமா. ஒரு வாரத்தில் மக்கள் கேள்வி முடியும் முன்பே தலையாட்டப் பழகி, முன்பைவிட அதிகமாக வழி தவறினார்கள். பிறகு, மனுக் கொடுத்தவர்கள் சோர்ந்துவிடாமல் இருக்கச் சுவர்மேல் ஒரு சக்கரம் சுழன்றது. சக்கரத்துக்கும் மனுவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கூத்தன் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு அதையே பார்த்து நின்றான். அப்புறம் தனியர் தெருவில் வீட்டுக்கு வீடு பலகை மாட்டினார்கள்: 'நெடுஞ்சுவர், குடும்பம் நீங்கும் கதவு, தனியர் தெரு. நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்.' செண்பகவல்லிக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை.

கடைசியில் தலைமைச் சிற்பியைக் கூப்பிட்டார்கள்.

"மன்னா, அவள் கேட்பது திரும்பும் வழி. அது பூச்சு வேலை இல்லை, அஸ்திவாரத்திலேயே வைத்திருக்க வேண்டியது. இப்போது சுவரை இடித்துத்தான் கட்ட முடியும். கட்டினால் எல்லாக் கதவும் திரும்பும்."

"எல்லாக் கதவுமா?"

"ஆமாம். தேர்தல் கதவும்."

அரசர் வெகுநேரம் தாடியை நீவினார்.

"சுவரில் ஒரு கதவை வரைந்துவிட்டால் போதாதா, மன்னா?" என்றார் அமைச்சர்.

வரைந்தார்கள். அழகாகவே வரைந்தார்கள். மேளதாளத்தோடு திறப்பு விழாவும் நடந்தது. செண்பகவல்லி ஓடிவந்து கைப்பிடியைப் பற்றினாள்; நகம்தான் சுவரில் கீறிற்று. சுவருக்கு அப்பால் கூத்தனின் குரல் கேட்டது.

"வல்லி, நல்லாத் தள்ளு!"

"தள்ளுறேங்க. வெறும் சுவருங்க இது."

கூத்தன் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

"அப்ப நாங்க அங்க வந்துடுறோம்."

"ஐயோ, வராதீங்க! புள்ளையக் கூட்டிக்கிட்டு வராதீங்க!"

அவன் அதற்குள் நகர்ந்துவிட்டான். 'குடும்பம் நீங்க' கதவில் காவலன் "நிச்சயமா?" என்று கேட்டதற்கு, வாழ்க்கையிலேயே முதல்முறையாக நிச்சயமாகத் தலையாட்டினான். மகளோடு உள்ளே வந்தவனைத் தெருக் காவலன் மேலும் கீழும் பார்த்தான்.

"ரெண்டு தனி ஆளு. ரெண்டு வீடு."

இப்படியே, போனவர்களைத் தேடிப் போனவர்களும் அவர்களைத் தேடிப் போனவர்களுமாக நாடே தனியர் தெருவுக்குக் குடிவந்தது. திரும்பி வந்தவர் ஒருவரும் இல்லாததால் குறை ஒன்றும் இல்லை என்று அரசவை முடிவு செய்தது. தேர்தலும் வந்தது. எதிர்த்து நிற்பவரை ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். அதற்கு இரண்டு பேர் பேசிக்கொள்ள வேண்டும். அரசர் போட்டியின்றித் தேர்வானார்.

செண்பகவல்லிக்கு எதிர்வீடு ஆதிரையுடையது. காலையில் இருவரும் வாசலுக்கு வருவார்கள். வந்த புதிதில் குழந்தை "அம்மா" என்று கத்தும், காவலன் அதட்டுவான். இப்போது அவள் கூப்பிடுவதில்லை. நல்ல குடிமகளாக வளர்ந்து வருகிறாள்.