அழுங்கு செய்த ஸ்கேட்போர்டில் புலி ஏறிய கதை

ஒரு காட்டில், அதுவும் நடுவே தார்ரோடு போட்ட ஒரு காட்டில், தவசி என்று ஓர் அழுங்கு இருந்தது. அழுங்கைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில், வாய்க்குள் எறும்பு தின்பதற்கென்றே முழ நீள நாக்கு. பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். நடை மட்டும் மகா மந்தம்.

தவசி குடியிருந்தது மலை மேலே. நல்ல புற்றுகள் எல்லாம் இருந்தது அடிவாரத்தில். காலைப் பலகாரத்துக்குக் கிளம்பினால் போய்ச் சேரும்போது அது மதியச் சாப்பாடாகிவிடும். திரும்பி மலை ஏறுவதற்குள் தின்றதெல்லாம் செரித்து மறுபடியும் பசிக்கும். இப்படியே போனால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று யோசித்த தவசி, ஒரு மின்சார ஸ்கேட்போர்டு செய்துகொண்டது.

பலகை, காற்றில் விழுந்த பலா மரத்தில் அறுத்தது. சக்கரம், சுற்றுலா வந்த யாரோ விட்டுப்போன பெட்டியில் கழற்றியது. மோட்டாரும் ரிமோட்டும் ஒரு பெரிய ட்ரோனுடையவை. கல்யாண ஜோடியைப் படம் எடுக்க வந்த அந்த ட்ரோன் மூங்கிலில் மாட்டிக்கொண்டது. ஜோடிக்கும் அங்கேயே சண்டை வந்துவிட்டதால் அதைத் தேடி யாரும் வரவில்லை. பேட்டரிக்கு, குப்பையில் கிடந்த லேப்டாப்புகளிலிருந்து எடுத்த செல்கள். சார்ஜ் போடுவது யானைகளுக்காகக் கட்டிய சோலார் வேலியில். தவசி சார்ஜ் போடும் நேரத்தில் வேலியில் ஷாக் அடிக்காது என்பதால், யானைகளுக்குத் தவசி மேல் தனி மரியாதை.

செய்தது பெரிதல்ல, அதை வைத்துக்கொண்ட விதம்தான் பெரிது. வெள்ளிக்கிழமை தவறாமல் பலகையைக் கவிழ்த்துப் போடும். ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்த்துக் கால் சுற்று இறுக்கும். பேரிங்கைக் கழுவி வெயிலில் காயவைக்கும். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தி, அது கொடுக்கும் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும். சக்கரங்கள் ஒரே பக்கமாகத் தேயக் கூடாது என்று மாதம் ஒருமுறை இடம் மாற்றி மாட்டும். கால் வழுக்காமலிருக்க மரப்பிசினில் ஆற்றுமணலை ஒட்டி வைத்திருந்தது.

ஒரு நாள் காலை வளைவு ஒன்றில் தவசி இறங்கி வரும்போது ரோட்டின் நடுவே ராஜா படுத்திருந்தார். ராஜா என்றால் வேங்கைமுத்து என்கிற புலி. ராஜா என்பதால் நானும் மரியாதையாகவே சொல்லிவிடுகிறேன். தவசி பிரேக் பிடித்தது. ராஜாவின் மீசைக்கு ஒரு சாண் முன்னால், ஒரு சத்தமும் இல்லாமல் வண்டி நின்றது.

ராஜாவுக்குக் கொஞ்ச காலமாகவே தொப்பை. மானைத் துரத்தினால் மூன்றாவது மரத்தில் மூச்சு வாங்கும். அவர் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“இது எவ்வளவு வேகம் போகும்?”

“முப்பது போகும், ராஜா. ஆனா நான் பன்னிரண்டைத் தாண்டுறதில்லை. பெல்ட்டுக்கு நல்லதில்லை.”

“மான் எவ்வளவு வேகம் போகும்?”

“அது தரையைப் பொறுத்து...” என்று விளக்க ஆரம்பித்த தவசி, கேள்வி எங்கே போகிறது என்று புரிந்து வாயை மூடிக்கொண்டது.

“பத்து நாள் தர்றேன். இதை எனக்கு ஏத்த மாதிரி மாத்திக் கொடு. முடியாதுன்னா சொல்லு, உன் செதிலை ஒவ்வொண்ணா உரிச்சு உள்ளே என்ன இருக்குன்னு நானும் பார்க்கிறேன்” என்றார் ராஜா.

அன்று முழுக்கத் தவசி பந்தாகவே கிடந்தது. மறுநாள் காலையில் தலையை நீட்டி, ‘நாலு காலுக்கும் இடம் வேணும்னா பலகை எவ்வளவு நீளம் வரும்?’ என்று யோசித்தது. யோசித்த அந்த நிமிடமே பயம் போய்விட்டது. அதன் கஷ்டம் அதுதான். வேலை என்று வந்துவிட்டால் யாருக்கு, எதற்கு என்பதெல்லாம் அதற்கு மறந்துவிடும்.

பலகை இரண்டு மடங்கு நீளமானது. ட்ரோனில் மீதியிருந்த மூன்று மோட்டார்களும் வந்து சேர்ந்தன. பேட்டரிப் பெட்டிக்குள் தண்ணீர் போகாமல் தவசி தேன்மெழுகு பூசியது. ராஜா தினமும் வந்து ஒரு புது யோசனை சொல்லிவிட்டுப் போனார். ஒரு நாள் பலகை முழுக்க வரி போடச் சொன்னார். மறுநாள் வரி தடிமனாக இல்லை என்றார். அதற்கு மறுநாள் ஹாரன் கேட்டார், அதுவும் தன் குரலிலேயே.

“ராஜா, வேட்டைக்குப் போறப்போ ஹாரன் அடிச்சா மான் ஓடிடுமே?”

“ஓடட்டும்பா. ஓடினாத்தானே துரத்த முடியும்?”

எட்டாவது நாள் செவ்வந்தி வந்தது. செவ்வந்தி புள்ளிமான், காட்டிலுள்ள புல் தின்னிகள் எல்லாருக்கும் தலைவி. வந்ததும் பலகையைப் பார்த்தது. அழகாகத்தான் இருந்தது. அதனாலேயே அது இன்னும் பயந்தது.

“அண்ணே, என் தங்கச்சிக்கு நேத்துதான் ரெட்டைக் குட்டி பிறந்திருக்கு. இன்னும் நேரா நிக்கக்கூடத் தெரியலை. நீங்க இதைச் செஞ்சு கொடுத்தீங்கன்னா எங்க கூட்டம் ஒரு மழைக்காலம் தாங்காது.”

தவசி தலையைக் குனிந்துகொண்டது.

“ஒரே ஒரு நட்டைத் தளர்த்தி விட்டுடுங்க. போதும்.”

தவசிக்கும் மனசு கேட்கவில்லை. ஸ்பானரை எடுத்தது. முன்சக்கரத்து நட்டில் வைத்து இடது பக்கம் கால் சுற்றுத் திருப்பியது. பிறகு கை தானாகவே வலது பக்கம் அரைச் சுற்றுத் திருப்பியது. நட்டு முன்பைவிடக் கெட்டியாக இறுகிவிட்டது.

“முடியலைம்மா. கை கேக்க மாட்டேங்குது.”

“நீங்க நல்லவரா, கெட்டவரா? அதை மட்டும் சொல்லுங்க.”

“நான் மெக்கானிக்கும்மா.”

செவ்வந்தி அழுதுவிட்டது. தவசியும் கூடவே கொஞ்சம் அழுதது. அழுது முடித்து மூக்கைத் துடைத்தபோது அதற்கு ஒன்று தோன்றியது.

“நான் செஞ்ச வண்டியை நானே பார்த்துச் சரின்னு சொல்றது முறையில்லைம்மா. வெளியாள் ஒருத்தர் சர்வீஸ் பண்ணி, படிவத்துல கைநாட்டு வைக்கணும். அப்பத்தான் ராஜாகிட்ட ஒப்படைக்கலாம்.”

“இந்தக் காட்டுல உங்களை விட்டா வேற மெக்கானிக் யாரு இருக்கா?”

அப்போது பக்கத்துப் புதருக்குள்ளிருந்து எதையோ திறக்கும் சத்தம் கேட்டது. திறக்கக் கூடாத ஒன்றைத் திறக்கும் சத்தம் அது.

புதருக்குள் இருந்தது சடையன் என்கிற காட்டுப்பன்றி. நல்ல மனசு. உதவி என்று கேட்டால் ஓடி வரும். கேட்காவிட்டாலும் ஓடி வரும், அதுதான் பிரச்சினை. சடையன் பழுது பார்த்த கடிகாரம் ஒன்று அந்தக் காட்டில் இன்றும் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

சடையனிடம் யாரும் எந்தச் சதியும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. “வண்டியைக் கொஞ்சம் சர்வீஸ் பண்ணிக் கொடுப்பா” என்று மட்டும் தவசி சொன்னது. சடையனுக்குக் கண் கலங்கிவிட்டது. இதுவரை யாரும் அதனிடம் எதையும் தானாகக் கொடுத்ததில்லை.

பத்தாம் நாள் காலையில் சடையன் பலகையைத் தள்ளிக்கொண்டு வந்தது. படிவத்தில் சேற்றுக் குளம்பால் பெரிதாகக் கைநாட்டு வைத்திருந்தது.

“அண்ணே, பிரமாதமா பண்ணிட்டேன். இந்தாங்க, இதெல்லாம் மிச்சம்” என்று முன்னால் கொட்டியது. ஆறு திருகாணி, இரண்டு வாஷர், ஒரு ஸ்பிரிங்.

“மிச்சமா?”

“ஆமாண்ணே. நீங்க தேவைக்கு மேல போட்டிருக்கீங்க.”

“ரிமோட்டைத் தொட்டியா?”

“உள்ளே மண்ணு இருந்துச்சு. கழட்டி ஊதிட்டு, திருப்பி மாட்டிட்டேன்.”

“எந்தப் பக்கம் திருப்பி?”

“அதாண்ணே சொல்றேன். திருப்பி!”

தவசி ரிமோட்டை ஒரு பார்வை பார்த்தது. புரிந்துவிட்டது. பிரேக்குக்கு இழுத்தால் வேகம் வரும். வேகத்துக்குத் தள்ளினால் பிரேக் விழும்.

“ஓட்டிப் பார்த்தியா?”

“ராஜா வண்டியில நான் ஏறலாமாண்ணே? மரியாதைன்னு ஒண்ணு இல்ல?”

தவசியின் கை தானாகத் திருப்புளியை எடுத்தது. இரண்டு நிமிட வேலை. மூடியைத் திறந்து மாற்றி மாட்டினால் தீர்ந்தது. அதற்குள் ராஜா வரும் சத்தம் கேட்டது. தவசிக்குத் தங்கச்சி மானின் இரட்டைக் குட்டிகள் நினைவுக்கு வந்தன. கையோ ரிமோட்டை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. வேறு வழி தெரியாமல் தவசி திருப்புளியோடு சேர்த்துத் தன்னைப் பந்தாகச் சுருட்டிக்கொண்டது.

“என்ன இவன் உருண்டு கிடக்கிறான்?” என்று கேட்டார் ராஜா.

“உங்க மேல பக்தி, ராஜா” என்றது சடையன்.

ராஜா சந்தோஷமாகப் பலகையில் ஏறினார். நாலு காலையும் அதனதன் இடத்தில் வைத்தார். ரோடு இறக்கம் என்பதால் பலகை மெல்ல நகர ஆரம்பித்தது. முதல் தடவை ஏறுகிறவர். எதற்கும் இருக்கட்டும் என்று முன்காலடியில் இருந்த ரிமோட்டில் பிரேக்கை லேசாக இழுத்தார்.

பலகை சீறிக்கொண்டு கிளம்பியது. ராஜா பயந்துபோய் இன்னும் இழுத்தார். பலகை இன்னும் சீறியது. பயம் கூடக்கூட இழுப்பு கூடியது, இழுப்பு கூடக்கூட வேகம் கூடியது. நாலு மோட்டாரும் ஒழுங்காக வேலை செய்தன. தவசி செய்ததல்லவா!

மூன்று கொண்டை ஊசி வளைவுகளை ராஜா எப்படித் தாண்டினார் என்று அவருக்கே தெரியாது. நாலாவது வளைவில் மான் கூட்டம் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. அத்தனை மானும் கைக்கெட்டும் தூரத்தில். செவ்வந்தி நின்ற இடத்திலேயே உறைந்துவிட்டது. தங்கச்சியின் இரண்டு குட்டிகளும் நடு ரோட்டில், கால் பின்னிக்கொண்டு நின்றன.

ராஜா ஹாரனை அழுத்தினார். “ஓரமா போங்க! பிள்ளையைத் தூக்குங்கம்மா! ஓரமா போங்க!” என்று அலறினார்.

குட்டிகளுக்கு அரை முழம் தள்ளி, வாலை எதிர்ப்பக்கம் வீசிச் சாய்ந்து, ராஜா பறந்து போனார். ஹாரன் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

அன்று மாலை காடே கூடிச் சடையனுக்குப் பாராட்டு விழா நடத்தியது. வாழையிலையில் பொன்னாடை போர்த்தித் தலைமைப் பொறியாளர் பதவியைக் கொடுத்தார்கள். சடையன் பேசியது: “எனக்கு என்ன பண்ணினேன்னே தெரியலை. ஆனா முழு மனசோட பண்ணினேன்.” கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. தவசியைப் பற்றி யாரும் பேசவில்லை. ‘இவ்வளவு நல்ல வண்டியை அந்தப் புலிக்குச் செய்து கொடுத்தவன்’ என்று இரண்டு முயல்கள் மட்டும் முறைத்தன.

தவசிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அதன் கவலை வேறு. ஒரு மாதமாக எறும்பு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்தால் கை பரபரத்தது. கடைசியில் ஒரு நாள் திருப்புளியையும் சடையன் கொட்டிய மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு, ராஜா போன ரோட்டிலேயே நடக்க ஆரம்பித்தது. செவ்வந்தி வழியை மறித்தது.

“எங்கேண்ணே?”

“ஒரு கம்ப்ளெயின்ட் பார்க்கணும்.”

“உங்களுக்குப் பைத்தியமா? குட்டிங்க இப்பத்தான் ஓடப் பழகுது!”

“எனக்கும் தெரியும்மா. ஆனா நான் செஞ்ச வண்டி ஒண்ணு எங்கேயோ பிரேக் தலைகீழா நிக்குது. நினைச்சாலே நெஞ்சை அடைக்குது” என்று சொல்லிவிட்டு, மானைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

நாலு நாள் நடந்த பிறகு பக்கத்துக் காட்டின் சோதனைச் சாவடி வந்தது. பேட்டரி தீர்ந்து ராஜா நின்றது அங்கேதான். சாவடியில் வேலை பார்த்தவை எல்லாம் கழுதைகள். பதிவு செய்யாத வண்டி உள்ளே வரவும் கூடாது, திரும்பிப் போகவும் கூடாது என்று அவை சொல்லிவிட்டன. நாலு சக்கரம் என்றால் சீட் பெல்ட் எங்கே என்று கேட்டன. எழுதிக் கொடுத்த படிவத்தை வாங்கி, படித்துப் பார்த்து, தின்றுவிட்டன. மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

ராஜா ஒரு நீண்ட வரிசையில் நின்றிருந்தார். தொப்பை காணாமல் போயிருந்தது. அவருக்கு முன்னால் ஒரு முயல், பின்னால் ஒரு வெள்ளாடு. கையில் டோக்கன்: நானூற்றுப் பன்னிரண்டு.

தவசி ஓரமாகக் கிடந்த பலகையைப் பார்த்ததும் ஓடிப் போய் ரிமோட்டைத் திறந்து, மாற்றி மாட்டி, மூடியது. ஆறு திருகாணி, வாஷர், ஸ்பிரிங் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் மாட்டி முடுக்கியது. சாவடிக் கூரையில் இருந்த சோலாரில் சார்ஜ் ஏற்றியது. ஓட்டிப் பார்த்தது. பிரேக் பூப்போல விழுந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அதற்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

“ராஜா, வண்டி சரியாயிடுச்சு. ஏறுங்க. சாவடிக்காரங்க சாப்பாட்டுக்குப் போயிருக்காங்க. இப்பவே கிளம்பினா ஊர் போய்ச் சேர்ந்துடலாம்.”

ராஜா அதை ஏற இறங்கப் பார்த்தார்.

“உனக்கு என்ன கிறுக்கா? எனக்கு முன்னால இன்னும் மூணே பேர்தான். இப்ப விட்டுட்டுப் போனா மறுபடி முதல்லருந்து டோக்கன் வாங்கணும். நான் தண்ணி குடிக்கப் போனா இந்த ஆட்டம்மாதான் ஒரு மாசமா இடம் பிடிச்சு வைக்குது. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

வெள்ளாடு அடக்கமாகத் தலையாட்டியது.

“அப்போ வண்டி, ராஜா?”

“வண்டியை இங்கே யாருப்பா கேட்டா? படிவத்தைத்தான் கேக்குறாங்க. நீ எடுத்துட்டுப் போ” என்ற ராஜா, திடீரென்று பாய்ந்து திரும்பினார். “ஏய் நரி! எல்லாரும் மனுஷனா தெரியலை உனக்கு? வரிசையில வா!”

தவசி பலகையில் ஏறி வீட்டுக்குப் போனது.

நீதி: வண்டியில் பிரேக் இல்லையே என்று பயப்படாதீர்கள். வழியில் ஓர் அலுவலகம் இருந்தால் புலியே நின்றுவிடும்.