சூட்டுக்கு விட்ட வழி

ஒரு வீடு கட்டும்வரை எல்லோரும் இஞ்சினியர்தான். நானும் கைத்தொலைபேசியில் வீடியோ பார்த்துப் பட்டம் வாங்கியவன்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளைதான் அங்கே குடிவருவார். பெரியகல்லாற்றில், வாவிக்கரையோரமாகத் தங்கச்சி சுகந்திக்கு வீடு கட்டும் பொறுப்பை அப்பா என்னிடம் கொடுத்தார். (அதற்காக அவர் இன்னும் தன்னை மன்னிக்கவில்லை.)

கச்சான் காற்று அனலாய் வீசினாலும் ஏசி தேவைப்படக் கூடாது, கரண்ட் மிச்சமாக வேண்டும் என்பது என் கொள்கை. சுவருக்கு மண்கல், கூரைக்கு ஓடு, கரண்ட் அதிகம் இழுக்காத, சத்தமே போடாத ஃபேன் என்று தேடித்தேடி வாங்கினேன். அறைச் சுவர்களைக் கூரைவரை எழுப்பாமல் மேலே இடைவெளியும் விட்டேன். சூடு அந்த வழியால் போய்விடும் என்று மேசனுக்கு வகுப்பே எடுத்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். ஏற்கெனவே வந்த சம்பந்தங்கள் தங்கச்சியின் வாய்த்துடுக்கைக் கண்டு விலகிப்போயிருந்தன. சுகந்திக்கோ இந்த மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. இதுவும் தப்பிவிடக் கூடாதென்று, வாயே திறக்காதே எனச் சொல்லி அம்மா அவளைக் குசினியில் அடுப்புப் பக்கமாக இருத்தியிருந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே நல்ல குளிர்ச்சி என்று மாப்பிள்ளையின் தாய் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு தாயும் மகனும் தனியாகக் கதைக்க அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். நாங்கள் ஹாலில் காத்திருந்தோம்.

"சுவரை ஏன் மனே அரைவாசியில விட்டிருக்காங்க?" என்ற தாயின் குரல் எங்கள் தலைக்கு மேலால் தெளிவாக வந்து இறங்கியது. அப்பா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். கதவைத் தட்டினால் நாங்கள் கேட்டது தெரிந்துவிடும், பேசாமல் இருந்தால் இன்னும் கேட்க வேண்டிவரும். இருமிப் பார்த்தேன். ஃபேனைக் கூட்டினேன். அது சத்தமில்லாமல் வேகமாகச் சுற்றியது. (பழைய ஃபேன் என்றால் லொடலொடவென்று மானத்தைக் காப்பாற்றியிருக்கும்.)

பெண்ணின் தமையன் ஒரு மாதிரித்தான் என்றார் தாய் அடுத்து. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

"எனக்கு அந்தப் புள்ளையிலதான் யோசனை. வந்ததில இருந்து ஒரு வார்த்தை பேசல்ல. என்னமும் குறை கிடக்கோ தெரியா. வேற இடம் பாப்பமா?"

அம்மா கண்களை மூடிக்கொண்டாள். அப்போதுதான் குசினியின் அரைச்சுவருக்கு மேலால் சுகந்தி பேசினாள்.

"குறை ஒண்டும் இல்ல மாமி. பேச வேணாமெண்டு அம்மாதான் சொன்னவ."

எல்லாம் முடிந்தது, தங்கச்சியின் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அழுகை வந்துவிடும் போலிருந்தது. பிறகு அறைக்குள் மாப்பிள்ளை சிரிப்பது கேட்டது.

"வேற இடம் ஒண்டும் வேணாம் அம்மா. எனக்கு இதுதான் சரி."

கல்யாணம் நடந்தது. என் மாமனார் என் மனைவிக்கு வீடு கட்டியபோது என்னை வளவுக்குள்ளேயே விடவில்லை. சுகந்தி வீட்டில் இன்றுவரை ஏசியும் இல்லை, இரகசியமும் இல்லை. சண்டை பிடிக்க வேண்டுமென்றால் அவளும் மச்சானும் தோணியை எடுத்துக்கொண்டு நடு வாவிக்குப் போகிறார்கள். எங்கள் குடும்பத்தில் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், "தோணி வேணுமா?" என்றுதான் கேட்போம். தோற்றவர்தான் திரும்பி வரும்போது துடுப்புப் போட வேண்டும் என்பது அவர்களுக்குள் ஒப்பந்தமாம். அம்மா கரையில் நின்று பார்ப்பாள். துடுப்பு எப்போதும் மச்சானின் கையில்தான் இருக்கும்.