நோன்புக் கஞ்சிக் கிடாரத்தில் அவித்த மண்

கல்முனைக்குடியில் ஒரு பள்ளிவாசலைச் சேர்ந்த மஹல்லா முழுவதற்கும் மண் தின்னக் கொடுத்தவள் நான். அதுவும் ரமழானின் முதல் நாளான தலைநோன்பன்று. இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எங்கள் வீட்டுக்கு வருகிற யாராவது தேநீர் குடித்து முடிவதற்குள் உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லும்போது மண்ணின் அளவு வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டு போகிறது.

அப்போது நான் கம்பஸில் இறுதி வருடம். என் ஆய்வு புல்லைப் பற்றியது. ("புல்லைப் பத்தி மாட்டுக்குத் தெரியாத என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறீங்க?" என்று வாப்பா ஒருமுறை கேட்டார்.) சவளக்கடைப் பக்கம், வயல்களுக்கு அப்பால், ஒரு மேய்ச்சல் தரை இருக்கிறது. அதில் ஒரு பாதியை யாரோ உழுது, ஒரு போகம் எதையோ போட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டுப் போய்விட்டார்கள். உழாத பாதியில் ஒரு பாயை விரித்தால், அந்தப் பாய்க்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு வகைப் புல்லும் பூண்டும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். உழுத பாதியில் ஒரே ஒரு களைதான். இரண்டு பாதிக்கும் ஒரே மழை, ஒரே வெயில், நடுவில் ஒரு வரப்பு மட்டும்.

காரணம் மண்ணுக்குள் இருக்கிறது என்று நான் நம்பினேன். மண்ணில் வாழும் சில பங்கசுக்கள் (பூஞ்சணங்கள்) நூலைவிட மெல்லிய இழைகளாகப் புல்லின் வேருக்குள் புகுந்துகொள்ளும். வேர் எட்டாத இடத்திலிருந்து சத்தும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுக்கும். புல் தான் தயாரித்த சீனியில் கொஞ்சத்தைப் பங்கசுவுக்குக் கொடுக்கும். இந்தச் சிநேகம் இருக்கும்வரை மெலிந்த புல்லும் பிழைத்துக்கொள்ளும், பல வகையும் சேர்ந்து வாழும். உழவு அந்த இழைகளை அறுத்துப்போட்டால், யாருடைய தயவும் தேவைப்படாத களை வந்து நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். இதை நிரூபிக்க, உயிருள்ள மண்ணிலும் பங்கசு செத்த மண்ணிலும் புல்லும் களையுமாக ஒரே விதைகளைப் போட்டு வளர்த்துப் பார்க்க வேண்டும். முடிவு நன்றாக வந்தால் மேற்கொண்டு ஆய்வு செய்ய இடம் எடுத்துத் தருவதாக என் ஆய்வை மேற்பார்வை செய்த மேடம் சொல்லியிருந்தார். அந்த இடத்துக்காக நான் எதையும் செய்திருப்பேன். செய்தும் விட்டேன்.

பங்கசுவைக் கொல்ல மண்ணை மணிக்கணக்கில் ஆவியில் அவிக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் அதற்கென்று இருந்த இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. திருத்துகிறவர் "அடுத்த கிழமை" என்று பல கிழமைகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உம்மாவின் புட்டுப் பானையைக் கேட்டேன். உம்மா என்னைப் பார்த்த பார்வையில் நானே வெந்துபோனேன். அப்போதுதான் ஆதம்பாவா மாமாவின் ஞாபகம் வந்தது.

ஆதம்பாவா மாமா எங்கள் பள்ளிவாசலின் கஞ்சிக்காரர். இருபது வருடத்துக்கு மேலாக நோன்பு மாதத்தில் மஹல்லாவுக்குக் கஞ்சி காய்ச்சுபவர். அகப்பையில் அளந்து ஊற்றினால் பள்ளித் தலைவருக்கும் ஒரே அளவு, மூட்டை சுமப்பவருக்கும் ஒரே அளவு. பள்ளியின் பெரிய செம்புக் கிடாரம் மற்ற மாதங்களில் அவர் வீட்டு வளவில்தான் கவிழ்ந்து கிடக்கும்.

"மண்ணை அவிக்கப் போறீங்களா?" என்றார். "என்னத்துக்கு மகள்?"

"அதுக்குள்ள இரிக்கிற பங்கசு சாகணும் மாமா."

"அது என்ன பாவம் செஞ்சிச்சு?"

"ஒண்டும் செய்யல்ல. அது இல்லாட்டிப் புல் என்ன பாடுபடும் எண்டு பாக்கத்தான்."

அவர் கிடாரத்தின் விளிம்பைத் தட்டிப் பார்த்தார். "இது பள்ளிட சாமான். இண்டைக்குப் பிறை பாக்கிற நாள் வேற. நாளைக்கு நோன்பு எண்டு சொல்லிட்டா என்ன செய்யிற?"

நான் வானத்தைப் பார்த்தேன். கடலுக்கு மேலே இருந்து வயல் வரைக்கும் ஒரே மூட்டம். விஞ்ஞான மாணவிக்கே உரிய தலைக்கனத்தோடு, "இந்த மூட்டத்தில எங்க மாமா பிறை தெரியப் போகுது? நாளைக்கு இல்ல, நாளண்டைக்குத்தான் நோன்பு" என்று சொன்னேன். (கல்முனையில் தெரியாத பிறை இலங்கையில் வேறு எங்காவது தெரியலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சின்ன வயதிலிருந்து எத்தனை தலைநோன்பு பிடித்திருப்பேன்.)

உழாத பாதியில் அள்ளி வந்த மண்ணைத் துணிப் பைகளில் கட்டி, கிடாரத்தில் தண்ணீர் விட்டு, கல்லடுக்கி அதன்மேல் பைகளை வைத்து மூடினோம். வெந்த மண்ணை வளவில் விரித்த படங்கின் ஒரு பக்கம் கொட்டினேன். அவிக்காத மண் மறுபக்கம். எது எது என்று எழுதி வைக்கவில்லை. எனக்குத் தெரியும்தானே. கடைசிப் பை அடுப்பில் இருக்கும்போது கட்டு அவிழ்ந்து, மண் முழுவதும் கொதிநீரில் கரைந்து கிடாரத்தின் அடியில் சேறாகிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் பள்ளி ஒலிபெருக்கி கரகரத்தது. பிறை கண்டாச்சு. நாளை தலைநோன்பு.

கிடாரத்தை எடுத்துப்போக ஆட்கள் வருகிறார்கள் என்று மாமாவுக்குப் போன் கோல் வந்தது. அவர் சேற்றை மருதோன்றி மரத்தடியில் சாய்த்துக் கொட்டிவிட்டு, கிணற்றடியில் தேங்காய்த் தும்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார். நான் படங்கில் கிடந்த மண்ணையெல்லாம் உரபேக்குகளில் அள்ளினேன். பொழுது மங்கி இருட்டிவிட்டது. அவிக்காத பக்கம் மிஞ்சிக் கிடந்ததை மாமா கூட்டிக் கிணற்றுக் கட்டோரம் தள்ளினார். சட்டிகளில் போடக் கொண்டுபோயிருந்த விதையில் கொஞ்சத்தை அங்கேயே மறந்து விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து உரபேக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எதில் செத்த மண், எதில் உயிருள்ள மண் என்று எனக்கே தெரியாது. முகர்ந்து பார்த்தேன். எல்லாம் மண் வாசனைதான்.

மறுநாள் கஞ்சி. கிடாரத்தின் அடியில் முன்பொரு காலத்தில் ஆணியடித்து ஒட்டுப் போட்டிருந்தார்கள். அந்த ஒட்டுக்கு அடியில் என் மண் பத்திரமாக இருந்திருக்கிறது. கொதிக்கக் கொதிக்கக் கிளம்பி வந்திருக்கிறது. நோன்போடு சமைப்பவர் நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று மார்க்கம் படித்த ஆலிம்கள் சொன்னாலும், ஆதம்பாவா மாமா அதைச் செய்யமாட்டார். பாண்டிருப்பிலிருந்து விறகு கொண்டுவரும் கணபதிப்பிள்ளை அண்ணன்தான் வழக்கமாக அவருக்கு உப்புப் பார்த்துச் சொல்பவர். அவரும் என்னைப்போலவே நோன்பு மறுநாள்தான் என்று நினைத்து அன்று வரவில்லை. ஆக, மஹல்லாவில் ஒரு மனிதரும் அந்தக் கஞ்சியை முன்கூட்டி வாயில் வைக்கவில்லை.

வாப்பா வாளியில் வாங்கி வந்தார். பாங்கு சொன்னது. பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு கஞ்சி. வாப்பாவின் தாடை ஒரு தடவை அசைந்து நின்றது. பல்லில் ஏதோ நறநறத்தது எனக்கும் கேட்டது.

"இஞ்சியாக்கும்" என்றார் உம்மா.

"இஞ்சி இப்பிடிக் கடிபடாது" என்றார் வாப்பா.

நான் ஒரு வாய் எடுத்தேன். சவளக்கடை. சந்தேகமே இல்லை. அந்த மண்ணை மாதக்கணக்கில் கிளறியவள் நான். பாத்திரத்தை வைத்துவிட்டு அழத் தொடங்கினேன். அழுகைக்கு நடுவே எல்லாம் வெளியே வந்தது.

அன்றிரவு பள்ளியில் தராவீஹ் தொழுகைக்குப் போன இடத்தில் மாமாவைச் சுற்றி ஆட்கள் நின்றார்களாம். வயசு போயிட்டு, கண் மங்கிட்டு, வேற ஆள் பாக்க வேணும் என்று ஒரு பேச்சு. மாமா தலையைக் குனிந்துகொண்டு, "அரிசி கழுவினது காணாது. என்ட பிழைதான்" என்றாராம். என் பெயரை அவர் வாயால் சொல்லவில்லை. இதைக் கேட்டு நின்ற என் வாப்பாதான் எழும்பி, "அரிசியில பிழை இல்ல. அது என்ட மகள்ட மண்" என்று சொல்லியிருக்கிறார். பின்வரிசையில் யாரோ சிரித்திருக்கிறார்கள், பிறகு பள்ளி முழுவதும்.

மாமாவின் அகப்பை அவர் கையிலேயே தங்கியது. எனக்குக் கிடைத்தது ஒரு பட்டப்பெயர். எங்கள் ஊரில் பட்டப்பெயர் வைத்தால் அது செத்த பிறகு மையித்துப் பெட்டி வரைக்கும் கூட வரும். என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய் கேட்ட முதல் கேள்வி, "மண் அவிச்ச புள்ள இவவா?"

ஆய்வுக்கு வருகிறேன். ஊகித்து ஊகித்துப் பெயர் ஒட்டி, சட்டிகளில் விதைத்தேன். எல்லாச் சட்டியிலும் எல்லாம் ஒரே மாதிரி அரைகுறையாக வந்தது. மேடம் என் அறிக்கையைப் படித்துவிட்டு, "பங்கசு இருந்தாலும் ஒண்டுதான், இல்லாட்டியும் ஒண்டுதான் எண்டா சொல்றீங்க?" என்று கேட்டார். நான் ஓம் என்றேன். நான் நம்பிய ஒன்றை நானே என் கையெழுத்துப் போட்டுப் பொய்யாக்கினேன். பாஸ் பண்ணினேன், அவ்வளவுதான். அந்த இடம் வேறொருவருக்குப் போனது. அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊர் வரும்வரை அழுதேன்.

அடுத்த மாரி மழை பெய்து ஓய்ந்த பிறகு ஒருநாள் மாமா வீட்டுக்குப் போனேன். வளவுக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மருதோன்றி மரத்தடியில் அந்த ஒற்றைக் களை மட்டும் தலைவிரித்து நின்றது. கிணற்றுக் கட்டோரம் சவளக்கடை மேய்ச்சல் தரையே வந்து உட்கார்ந்திருந்தது. ஏழு வகை வரை எண்ணினேன், பிறகு கண்ணைத் தண்ணீர் மறைத்தது.

"நீங்க உட்டுட்டுப் போன விதைய ரெண்டு பக்கமும் ஒரே அளவாத்தான் போட்டன் மகள்" என்றார் மாமா, குற்றம் செய்தவர்போல. "இந்தப் பக்கம் மட்டும் ஏன் எழும்பல்ல எண்டு விளங்கல்ல."

எனக்கு விளங்கியது. நான் ஒரு வருடம் தொண்டை கிழியச் சொன்னதை, கஞ்சி அளக்கிற கையால் அவர் செய்து காட்டியிருந்தார். "மாமா, இதைத் தொடாதீங்க. நாளைக்குத் தராசோட வாறன். வெட்டி, வகை வகையாப் பிரிச்சி நிறுக்க வேணும். மேடத்துக்குக் காட்டினா இன்னும் ஒரு வழி இரிக்கி" என்றேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் தராசும் காகிதப் பைகளும் கமராவுமாகப் போனேன். வளவு மொட்டையாக இருந்தது. மாமா ஒரே ஒரு உரபேக்கை இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். வாய் நூலால் நேர்த்தியாகத் தைத்திருந்தது.

"நீங்க வெயிலுக்க நிண்டு கஷ்டப்படக் கூடாது எண்டு சுபஹோட எழும்பி நானே வெட்டிட்டன். ரெண்டு பக்கத்தையும் ஒண்டாச் சேத்து வெச்சிரிக்கன்."

அவருக்கு நன்றி சொன்னேன். தராசைப் பைக்குள் திரும்ப வைத்தேன்.

இப்போது நான் ஒரு பாடசாலையில் உயிரியல் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு தலைநோன்புக்கும் ஆதம்பாவா மாமாவின் கஞ்சி வீட்டுக்கு வரும். வாப்பா முதல் வாயை மெதுவாக மென்று பார்ப்பார். பிறகு எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்பார்:

"மகள், இது அவிச்ச மண்ணா, அவிக்காததா?"

கஞ்சிக்குள் போனது அவித்ததுதான்; உரபேக்குகளுக்குள் போனதுதான் இன்றுவரை எனக்குத் தெரியாது.